வெகுமதியும் சுபாவமும்

பயன் கருதாமல் மனிதன் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்பது உலகில் நெடுங்காலமாக அடிபட்டு வரும் ஒரு கொள்கை. பொருளாதார நூலார் பலரும் இதனையே கடைகாலாகக் கொண்டு தம் நூல்களை எழுப்பினர். கூலியை உயர்த்தினால் உழைப்பு உயரும், குறைத்தால் குறையும், இவ்வளவே அவர்தம் கணக்கு. தராசின் ஒரு தட்டிலே பணத்தை வைத்தால் மற்றத் தட்டிலே வேலை தானே ஏறிவிடும் என்று அவர்கள் எண்ணினர் போலும். ஆனால் தராசு ஒன்றேயாயினும், அதன்முன் நிற்கும் மனிதருள் ஒருவரைப்போல் ஒருவர் இலர். ஒரே வெகுமதி ஒருவனை ஓடச் செய்கிறது; ஒருவனை நடுங்கச் செய்கிறது; மற்றொருவனுக்கு வெறுப்பையே விளைக்கிறது. இவ்வேற்றுமை எதனால் வருகின்றது என்பதையும், நாம் அறிந்தே நாடும் வெகுமதிக்கும் நாம் அறியாமலே நம்மை இயக்கும் வெகுமதிக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதையும், யாம் அடிக்கடி சென்று பழகிய ஒரு வட்டாரத்தை முன்னிட்டு ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வட்டாரம் ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை பரந்து கிடப்பது. ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன் முன்னாளில் எவர்க்கும் நினைவுக்கு வந்தது, 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய ஊர் அது என்னும் செய்தியே. அப்பெரியாரைப் பற்றி வழங்கும் கதையொன்று எம் பொருளுக்கும் இயைந்ததாக உள்ளது. திருக்கோட்டியூரில் குரு உபதேசித்த மந்திரத்தைப் பிறர்க்கு வெளியிட்டால் நரகம் நேரும் என்னும் எச்சரிக்கையைக் கேட்டிருந்தும், அவர் கோயில்மீது ஏறி நின்று யாவரும் கேட்க அதனை முழங்கினார் என்பர். தமக்கு வரும் தண்டனையினும் பிறர் பெறும் பேறு பெரிதெனக் கொள்ளும் சுபாவமும் உலகில் உண்டு என்பதை இக்கதை காட்டும். வெகுமதியும் தண்டனையும் எல்லாரையும் ஒருபடித்தாய் ஆளும் என்று கருதுவார் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

நிற்க, இக்காலத்து ஸ்ரீபெரும்பூதூர் வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தாரின் மோட்டார் ஆலையிலிருந்து 1998-இல் முதல் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 2006-இல் நோக்கியாவின் தொலைபேசி ஆலை திறக்கப்பெற்று, ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. சுங்குவார்சத்திரத்தை அடுத்துச் சாம்சங் ஆலை 2007-இல் எழுந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-இலும், டைம்லரின் லாரி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013-இலும் தொடங்கின. இவற்றிற்கு உறுப்புக்கள் செய்து கொடுக்கும் சிறிய ஆலைகளுக்குக் கணக்கில்லை. ஏரி நீரை நம்பி நெல் விளைத்த சிற்றூர்களின் ஊடே இன்று நான்கு வழிச் சாலைகள் ஓடுகின்றன. ஷிப்டு மாறும் வேளையில் அச்சாலைகளில் வரிசை வரிசையாய்ச் செல்லும் கம்பெனிப் பஸ்களைக் கண்டோர், அவற்றுள் தலை சாய்த்து உறங்கும் இளைஞர்களையும் கண்டிருப்பர். அவருள் பலர் தென் மாவட்டங்களிலிருந்தும் வடக்கு மாவட்டங்களிலிருந்தும் வந்தோர். சிலர் பீகார், ஒடிசா முதலிய தொலைவான மாநிலங்களிலிருந்து வந்தோர். எம் பழைய மாணாக்கரும் அவருள் உளர். ஆதலின் அவ்வழி யாம் செல்வது வேடிக்கை பார்ப்பதற்கன்று.

அம்மாணாக்கருள் இருவரைப் பற்றி இங்கே கூறல் வேண்டும். இருவரும் ஒரே ஆண்டில் எம்மிடம் பயின்றவர். ஒரே விடுதியில் உண்டு உறங்கியவர். ஒரே ஆலையில் ஒரே கன்வேயரின் அருகே வேலைக்கு அமர்ந்தவர். ஆலையின் பெயர் ஈண்டு வேண்டா. ஒருவன் கல்லூரியில் கால்பந்துக் குழுவை நடத்தியவன். எங்கு நாலுபேர் கூடினும் அவன் குரலே முதலில் கேட்கும். மற்றவன் வகுப்பிலே கடைசி வரிசையில் இருந்து, கேட்டாலன்றி வாய் திறவாதவன். ஆனால் அவன் எழுதிய தாளில் ஓர் அடித்தல் திருத்தல் காண்பது அரிது. வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று திங்களில் இவ்விரண்டாமவன் கையினின்று சென்ற உறுப்புக்களிலே பழுது மிகக் குறைவாயிருந்ததென்று மேற்பார்வையாளரே கூறினாராம்.

பின்னர் அவ்வாலையார் ஒரு புதுத்திட்டம் வகுத்தனர். மாதந்தோறும் மிகுதியாய் வேலை செய்தவனுடைய படம் வாயிலுக்கருகே ஒரு பலகையில் மாட்டப்படும். அவனுக்கு ஒரு தொகையும் உண்டு. ஒரு நாளேனும் விடுப்பு எடுத்தவனுக்கு வருகைக்குரிய ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும். இத்திட்டம் வந்தபின் முதலாமவன் சிறகு முளைத்தவன் போலானான். இரண்டு முறை அவன் படம் பலகையில் ஏறிற்று. இரண்டாமவனோ கை தடுமாறத் தொடங்கினான். பழுது மிகுந்தது. காய்ச்சலோடும் வேலைக்குச் சென்று ஒரு நாள் மயங்கி விழுந்தான். விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது யாம் காரணம் வினவ, அவன் நெடுநேரம் தரையையே நோக்கியிருந்து, “ஐயா, கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சம் அந்த மகிழ்ச்சியைவிடப் பெரிதாயிருக்கிறது” என்றான். பயிற்சிக்காலம் முடிந்ததும் அவனை நிலைப்படுத்தாமல் அனுப்பிவிட்டனர். ஊக்கமற்றவன் என்பது அவன் பெயருக்கெதிரே எழுதப்பட்ட குறிப்பு. மூன்று மாதத்திற்கு முன் பழுதின்றி வேலை செய்த அதே கையை உடையவனே அவன் என்பதை அக்குறிப்பு எழுதியவர் மறந்தார்.

அவன் கூறிய அவ்வொரு வாக்கியத்தை மனோதத்துவ நூலார் ஒரு கொள்கையாகவே வகுத்துள்ளனர். இங்கிலாந்தில் ஹான்ஸ் ஐசங்க் என்பார், மனிதரை வெளிநோக்குச் சுபாவமுடையார், உள்நோக்குச் சுபாவமுடையார் எனப் பகுத்து, அவ்வேற்றுமைக்கு மூளையின் இயல்பிலேயே காரணம் தேடினார். அவருடைய மாணவரான ஜெஃப்ரி கிரே 1970-இல் அதனைத் திருத்தி வேறொரு விளக்கம் தந்தார். மனிதனுள்ளே வெகுமதியின் அறிகுறியைக் கண்டு முன்செல்லும் ஏற்பாடு ஒன்றும், தண்டனையின் அறிகுறியைக் கண்டு தயங்கி நிற்கும் ஏற்பாடு ஒன்றும் ஆக இரண்டு உள. இவற்றுள் எது வலியது என்பதே ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அவர் கருத்தின் சாரம். முன்செல்லும் ஏற்பாடு மிக்கவனுக்குப் படம் மாட்டிய பலகை ஓர் அழைப்பு. தயங்கும் ஏற்பாடு மிக்கவனுக்கோ அதே பலகை, தன் படம் அங்கே இல்லையென்று நாள்தோறும் நினைவூட்டும் ஒரு கண்டனம். வைத்தவர் ஒரு பலகையைத்தான் வைத்தார். கண்டவர்க்கு அது இரண்டாயிற்று. இவ்விரு சுபாவங்களுள் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது எனக் கொள்ளற்க. ஆபத்தை முன்னறிந்து தயங்குபவன் இல்லாத ஆலையில் விரல் இழப்போர் தொகை மிகும்.

தொழில் நிருவாக நூலுக்குத் தந்தை எனப்படும் ஃபிரெடெரிக் டெய்லர் இவ்வுண்மையை ஒருபுறம் அறிந்தே இருந்தார். 1899-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில், நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த கூலியாளை நாற்பத்தேழு டன் சுமக்கச் செய்ததாக அவர் 1911-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கூலி ஒரு டாலர் பதினைந்து செண்டிலிருந்து ஒரு டாலர் எண்பத்தைந்து செண்டாக உயர்ந்தது. அவர் கூறிய கணக்கைப் பிற்கால வரலாற்றாசிரியர் ஐயுற்றனர். அது வேறு செய்தி. எம் கருத்தை ஈர்ப்பது, அவ்வாளை அவர் தேர்ந்தெடுத்த வகை. சுமார் எழுபத்தைந்து பேருள், சிக்கனத்திற் பேர்பெற்றவனும், தனக்கென ஒரு சிறு வீட்டைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தவனுமான ஒருவனைத் தேடிப்பிடித்தார். அஃதாவது, பணத்திற்கு அசையும் சுபாவத்தை முதலிற் கண்டுபிடித்து, பிறகு பணத்தைக் காட்டினார். அவர் நூலைப் படித்தவர் பலர் இம்முதற்படியை மறந்து இரண்டாம் படியை மட்டும் பற்றிக்கொண்டனர். எல்லார்க்கும் பணத்தைக் காட்டினாற் போதும் என்று எண்ணும் பிழை அங்கே பிறந்தது.

வெகுமதி பெரிதாயின் வேலை சிறக்கும் என்னும் நம்பிக்கையும் எங்கும் செல்லுபடியாவதன்று. இதனை நம் நாட்டிலேயே, மதுரையை அடுத்த சிற்றூர்களில் சோதித்துப் பார்த்தனர். டான் ஏரியலி முதலிய நால்வர் 2009-இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில் எண்பத்தேழு கிராமத்தார் பங்கு கொண்டனர். ஒளிகளின் வரிசையை நினைவில் வைத்துக் கூறல், பந்தைக் குறிபார்த்து எறிதல் முதலிய ஆறு விளையாட்டுக்கள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு விளையாட்டிலும் மிக நன்றாய் ஆடினார்க்குச் சிலர்க்கு நான்கு ரூபாயும், சிலர்க்கு நாற்பது ரூபாயும், சிலர்க்கு நானூறு ரூபாயும் அளிக்கப்படும். ஆறிலும் வென்றால் நானூறு ரூபாய்க் கூட்டத்தார் பெறக்கூடியது இரண்டாயிரத்து நானூறு. அது அவ்வூரார் பல மாதம் செலவிடும் தொகை. நான்கு ரூபாய்க் கூட்டத்தாரும் நாற்பது ரூபாய்க் கூட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே வகையாய் ஆடினர். நானூறு ரூபாய்க் கூட்டத்தாரோ யாவரினும் தாழ்ந்தனர். கண்முன் நின்ற பெருந்தொகை கையைப் பிடித்துக்கொண்டது. வெறும் ஆசையாயிருந்த வெகுமதி, இழப்போமோ என்னும் அச்சமாக மாறும் எல்லை ஒன்று உண்டு. எம் மாணாக்கன்போன்றார்க்கு அவ்வெல்லை மிக அணித்தே இருக்கிறது. மற்றையோர்க்குச் சற்றுத் தொலைவில் இருக்கிறது. இல்லாதவர் எவரும் இலர்.

இதுகாறும் கூறியன வெளிப்படையான வெகுமதியைப் பற்றியன. இனி மறைவான வெகுமதியைப் பார்ப்போம். இலண்டனில் பெஸிக்லியோன் முதலிய அறிஞர் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒருவன் கையில் ஒரு பிடியைக் கொடுத்து, எவ்வளவு வலிமையாய் அழுத்துகிறானோ அவ்வளவுக்குப் பணம் உண்டு என்று கூறினர். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு நாணயத்தின் படம் தோன்றும்; சிலபோது ஒரு பவுன், சிலபோது ஒரு பென்னி. சிலபோது அப்படம் விநாடியில் இருபதில் ஒரு பங்கே நின்று, முன்னும் பின்னும் வேறு உருக்களால் மறைக்கப்படும். எந்த நாணயத்தைக் கண்டாய் என்று கேட்டால் அவனால் சொல்ல இயலவில்லை. ஆயினும் பவுன் தோன்றிய வேளையில் அவன் கை மிகுதியாய் அழுத்திற்று. கண் கண்டதாக அறியவில்லை, கை அறிந்தது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பழமையான உறுப்பொன்று அவ்வேளையில் விழித்தெழுந்ததையும் கருவியின் வாயிலாய்க் கண்டனர்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் இதனினும் ஒருபடி சென்றனர். வெகுமதி பெரிதென்று அறிந்தவன், பிழை நேராவண்ணம் மெதுவாகவும் கவனமாகவும் வேலை செய்யத் தலைப்படுகிறான். அறியாதவனோ மிகுதியாய் முயல்கிறானேயன்றி, தன் வேலை முறையை மாற்றுவதில்லை என்று அவர்கள் 2010-இல் காட்டினர். அறிந்த வெகுமதி நம் எண்ணத்தின் வாயிலாய் வருகிறது. அங்கே நம் சுபாவம் வாயில்காப்போனாய் நின்று, வருவது நண்பனா பகைவனா என்று வினவுகிறது. ஆசையுடையவன் கதவைத் திறக்கிறான், அஞ்சுபவன் தாழிடுகிறான், மானமுடையவன் விலை பேசுகிறாயோ என்று சினக்கிறான். அறியாத வெகுமதியோ கொல்லைப்புற வழியாக வருகிறது. வாயில்காப்போன் அதனைக் காண்பதில்லை. ஆதலின் சுபாவ பேதம் வெளிப்படையான வெகுமதியிலே மிகுதியாய்த் தோன்றும் என்பது எமது துணிபு.

ஆலையிலே இம்மறைவான வெகுமதி எங்கே உள்ளது எனின், எங்கும் உள்ளது என்போம். காலையில் லைன் லீடர் ஒருவனைப் பெயர் சொல்லி அழைப்பதும், மற்றவனை எண் சொல்லி அழைப்பதும் ஒரு பங்கீடு. நிலையான தொழிலாளிக்கு ஒரு நிறச் சீருடையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறச் சீருடையும் சில ஆலைகளில் உண்டு. அந்நிறம் நாள் முழுதும் கண்ணிற் பட்டுக்கொண்டே இருக்கிறது. உணவுக்கூடத்தில் எவர் அருகே எவர் அமர்கின்றனர், ஓவர்டைம் யாருக்கு முதலில் சொல்லப்படுகிறது, பழுதைச் சுட்டிக் காட்டியவனுக்குக் கிடைப்பது நன்றியா முகச்சுளிப்பா, இவையெல்லாம் சம்பளச் சீட்டில் ஏறாத வரவுகளும் செலவுகளும். கேட்டால் இவற்றை ஒருவரும் பெரிதாகச் சொல்லார். ஆயினும் கை அறியும்.

எதிர்பாராத வெகுமதிக்கு உள்ள வலிமையையும் இங்கே குறிப்பிடல் தகும். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால், குரங்கின் மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது எழுச்சி கொள்வதும், முன்னறிவிப்போடு கிடைத்துப் பழகியபின் சாற்றுக்கு அசையாதிருப்பதும், எதிர்பார்த்தது வாராதபோது அடங்கிப் போவதும் தெளிவாயின. தீபாவளி போனஸின் கதையும் இதுவே. போனஸ் பற்றிய சட்டம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காட்டைக் குறைந்த அளவாக வகுத்தது. ஆண்டுதோறும் வருவது என்று உறுதியானபின் அது மகிழ்ச்சி தருவதினும், குறைந்தால் வரும் துயரமே பெரிது. அது தொழிலாளியின் உரிமையாயிற்று. உரிமையைப் பெறுவதற்கு எவனும் துள்ளிக் குதிப்பதில்லை, குதிக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் உரிமையைக் கொடுத்துவிட்டு ஊக்கம் பிறக்கவில்லையே என்று முதலாளி குறைகூறுவது, கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதை ஒக்கும்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்து மைசூரில் நடந்த ஆராய்ச்சியொன்று தன் சுபாவத்தைத் தானே அறிதலின் பயனை விளக்குகிறது. கணிப்பொறியில் எழுத்துக்களை ஏற்றும் வேலையாட்களிடம் சுப்ரீத் கவுர் முதலிய மூவர் செய்து 2015-இல் வெளியிட்டது அது. சம்பள நாள் நெருங்க நெருங்க அவர்தம் வேலை மிகுந்தது. பின்னர் அவர்களுக்கு ஒரு விசித்திரமான உரிமை தரப்பட்டது: விரும்பினால் தமக்குத் தாமே ஓர் இலக்கை வைத்துக்கொள்ளலாம், அதனை எட்டினால் வழக்கமான கூலி, எட்டாவிடில் அதிலும் குறைவு. இதனால் வரும் ஊதியம் ஒரு காசும் கூடுதல் இல்லை. கணக்கறிந்தவன் எவனும் இதனை ஏற்கான் என்றே தோன்றும். ஆயினும் பலர் ஏற்றனர். ஏற்று, மிகுதியாய் உழைத்து, மிகுதியாய்ச் சம்பாதித்தனர். சம்பள நாள் வரை சோம்பியிருந்து, பின் விரையும் இயல்பு மிக்கவரே இதனை அதிகம் வேண்டினர். தம் குறையைத் தாமே உணர்ந்து, தம் கையாலேயே தமக்கு ஒரு கடிவாளம் பூட்டிக்கொண்ட அவர்களை யாம் வியக்கின்றோம். அக்கடிவாளம் பிறரால் பூட்டப்பட்டதன்று என்பதிலேதான் அதன் சிறப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனி, தனிமனிதனுடைய சுபாவத்தைப் போலவே ஒரு கூட்டத்தின் மனப்பான்மையும் வெகுமதியின் பயனை மாற்றவல்லது. அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 1931-32-இல் கம்பி இணைப்புப் பகுதித் தொழிலாளர் பதினால்வரை ஓர் அறையில் வைத்து நோக்கியபோது, மிகுதியாய்ச் செய்தால் மிகுதியாய்க் கூலி என்றிருந்தும், நாளொன்றுக்கு இவ்வளவே என்று தமக்குள் ஓர் அளவு வகுத்துக்கொண்டு அவர் அதனைக் கடவாதிருந்தனர். கடந்தவன் தோழர் ஏளனத்திற்கு ஆளானான். அவர்க்குத் தோழரின் மதிப்பே பெரிய வெகுமதியாயிருந்தது.

நம் வட்டாரத்தில் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை நிறுத்தம் தொடங்கினர். சம்பள உயர்வும் கேட்டனர். அதனினும் முதன்மையாகத் தம் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டனர். அக்டோபரில் மாதம் ஐயாயிரம் ரூபாய் இடைக்கால ஊக்கத்தொகையாக அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதியார் அதனோடு உடன்பட்டனர். வேலை நிறுத்தத்தில் இருந்தோர் பெரும்பாலார் அதன்பின்னும் திரும்பாமல், அக்டோபர் 15-ஆம் நாள் அரசின் முன்னிலையில் பேச்சு முடியும்வரை, முப்பத்தேழு நாள் வெளியே நின்றனர். எவர் பக்கம் நியாயம் மிகுதி என்று தீர்ப்பளிக்க யாம் இங்கே முற்படவில்லை. ஒன்று மட்டும் கூறுவோம்: சம்பளம் இன்றி ஒரு மாதத்துக்கு மேல் நின்றவர்க்கு, எம்மை ஒரு தரப்பாக மதித்துப் பேசுங்கள் என்பதும் ஒரு வெகுமதியாயிருந்தது. ஐயாயிரம் ரூபாயில் அதனை மாற்றிக்கொள்ள அவர்கள் இசையவில்லை. சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது.

பெண்களின் நிலையையும் கூறாது விடல் முறையன்று. ஃபாக்ஸ்கான் ஆலையில் தொலைபேசி இணைக்கும் இளம்பெண்கள் பல்லாயிரவர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, ஆயிரக்கணக்கான அவர்தம் தோழியர் சென்னை-பெங்களூர்ப் பெருஞ்சாலையில் இரவு முழுதும் அமர்ந்திருந்தனர். தினந்தோறும் தலை குனிந்து இலக்கை முடித்தவர் அவர். வாய் திறவாதவர் என்று பெயர் பெற்றவர். மௌனமாய் உழைப்பவர் எதற்கும் அசையார் என்று எண்ணியவர்க்கு அவ்விரவு ஒரு பாடம். பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் விடுதியொன்று திறக்கப்பட்டது. நல்ல சோறும், காற்றோட்டமுள்ள அறையும் வெகுமதியின் பட்டியலில் வருவன அல்ல. அவை இல்லாத இடத்தில் எந்த வெகுமதியும் செல்லாது.

இவற்றாற் பெறப்படுவன யாவை? ஆலைகளை நடத்துவோர்க்கு யாம் கூற விரும்புவது இரண்டு. முதலாவது, ஒரே அளவுச் சட்டையை எல்லார்க்கும் அணிவித்து, பொருந்தாதவனுடைய உடம்பைப் பழிக்கற்க. போட்டியில் ஒளிர்பவனுக்குப் போட்டியும், அமைதியில் ஒளிர்பவனுக்கு நுட்பமான வேலையும், பழுது குறைத்தமைக்கு ஒரு தனிச் சொல்லும் அளிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு நாள் விடுப்புக்காக ஒரு திங்களின் ஊக்கத்தொகையைப் பறிக்கும் விதி, சோம்பேறியைத் திருத்துவதினும் மிகுதியாய், நோயுற்ற நல்லவனை வதைக்கிறது. இரண்டாவது, மறைவான வெகுமதிகளுக்கும் நீங்கள் கடமைப்பட்டவர்கள். வெளிப்படையான கூலியைத் தொழிலாளி கேட்கலாம், எண்ணிப் பார்க்கலாம், போதாதென்று வழக்கிடலாம். அறியாமல் தன் கையை இயக்குவதை எதிர்த்து அவன் எங்கே சென்று முறையிடுவான்? ஆகையால் ஒருவன் கேட்டால் ஒளிக்காமல் எடுத்துக் கூறத் தக்க முறைகளையே கையாளல் வேண்டும். கூறுவதற்கு நாணும் ஏற்பாடு ஏற்பாடன்று, தந்திரம்.

மாணவ அன்பர்களே, உங்களுட் பலர் இன்னும் ஓரிரண்டு ஆண்டில் அச்சாலை வழியே வேலைக்குச் செல்வீர்கள். கல்லூரியிலும் பரிசளிப்பு விழா உண்டு, மதிப்பெண் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை வெளியாயிற்று. படம் வரைவதில் தாமாகவே விருப்புக் கொண்ட சிறு குழந்தைகளுட் சிலர்க்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தனர். அக்குழந்தைகள் பின்னர்த் தாமாக வரையும் நேரம் குறைந்தது. சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அக்குறை நேரவில்லை. பரிசுக்காகவே படித்த பாடம் பரிசளிப்பு விழாவோடு முடிந்துபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எதற்காக உங்கள் கை விரைகிறது, எதைக் கண்டு நடுங்குகிறது, எந்தச் சொல்லைக் கேட்க உங்கள் மனம் ஏங்குகிறது என்று இப்போதே கண்டறியுங்கள். அஞ்சும் சுபாவம் உடையார் அதனைக் குற்றமெனக் கருதி மறைக்க வேண்டா. அச்சுபாவத்துக்கு இயைந்த வேலையை நாடுங்கள். துணியும் சுபாவம் உடையார், பலகை எடுபட்ட நாளிலும் வேலையில் மனம் நிற்குமா என்று உங்களையே வினவுங்கள்.

எம் மாணாக்கர் இருவர் கதையின் பிற்பகுதியைக் கூறி முடிக்கின்றோம். ஈராண்டின்பின் அவ்வாலையார் பரிசுத் திட்டத்தை நிறுத்தினர். முன்னவனுக்கு வேலை கசந்தது; இப்போது மூன்றாவது ஆலையில் இருக்கிறான், நான்காவதைத் தேடுகிறான். அனுப்பப்பட்டவன் ஒரகடத்துக்கு அணித்தே ஒரு சிறு பட்டறையில் அளவுக் கருவிகளைக் கடைகிறான். அங்கே பலகையும் இல்லை, படமும் இல்லை. மாலையில் முதலாளியான முதியவர் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “சரிப்பா” என்பாராம். அவ்வொரு சொல் தனக்குப் போதுமாயிருக்கிறதென்று அவன் சென்ற ஆண்டு எமக்கு எழுதினான். சம்பளம் முன்னையினும் குறைவு. அதனையும் அவன் மறைக்கவில்லை. பெரிய ஆலையொன்று நல்ல கையொன்றை இழந்தது. அது யாதும் அறிந்ததில்லை. அவ்வாறு அறியப்படாமற் போகும் கைகள் அந்நெடுஞ்சாலையில் இன்னும் எத்தனை உளவோ, அவற்றின் கணக்கை எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை.